ஜாக்கெட் கடையில் ஒரு ப்ரஷர் மெஷின்

என் மகனுக்கு என் மேல் பாசம் அதிகம். அதனால்தான் இவ்வளவு தொல்லையும்.

அவன் விழுப்புரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். நான் திண்டிவனத்தில் என் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள். சுடிதார், பாவாடை, ஸ்கூல் யூனிபார்ம் எதையும் தொட மாட்டேன். ஜாக்கெட் மட்டும்தான். வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு குடியிருப்பது சர்க்கரையும் ப்ரஷரும்தான். பல வருடமாக இருக்கின்றன, காலி பண்ணுவதாக இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

ஒரு நாள் கல்யாண ஜாக்கெட் ஒன்று அவசரம். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, இந்தக் கையை மட்டும் ஏற்றிவிட்டுச் சாப்பிடலாம், ஹூக் மட்டும் வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தையல் மெஷின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, அதே ஜாக்கெட்டை முடித்தும் கொடுத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்தச் சேதி போனில் விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் வழியில் எங்கே வளர்ந்ததோ, "அம்மாவுக்கு நினைவே இல்லை" என்று ஆகிவிட்டது. நான் பிசிறு வெட்டிக்கொண்டே வாடிக்கைக்காரியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறேன், இவன் முகமெல்லாம் வெளுத்துப்போய் வாசலில் வந்து நிற்கிறான்.

"போதும்மா. இனிமே நீ தனியா இருக்கக் கூடாது. கடைய மூடிட்டு விழுப்புரம் வந்துடு."

"அங்க வந்து என்னாடா பண்றது?"

"சும்மா இரு."

"அது எனக்கு வராதே."

"பழகிக்கோ. உனக்குன்னு ஒரு ரூம் ரெடி பண்ணியாச்சு. ஏசி போட்டாச்சு."

"என் தையல் மெஷினு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பால்கனியில வெச்சிக்கலாம்மா. மேல ஒரு பூந்தொட்டி வெச்சா அழகா இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனைப் படிக்க வைத்த மெஷின் மேல் பூந்தொட்டியாம்! அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத முடியாது. பேசி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. "பாத்தியா, இதுக்குத்தான் சொல்றேன்" என்று அதையும் அவன் தன் பக்கத்துக்குச் சேர்த்துக்கொண்டான்.

இந்த வழக்கு விழுப்புரத்தில் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனது. அவர்தான் நடுவில் ஒரு வழி சொன்னார். வருடக்கணக்காகச் சர்க்கரையும் ப்ரஷரும் உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு மெஷின் கொடுக்கிறார்களாம். வீட்டிலேயே ப்ரஷர் பார்த்துக்கொள்ளலாம். பார்த்த நம்பர் போன் வழியாகத் தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அங்கே ஒரு நர்ஸ் உட்கார்ந்து பார்ப்பார். ஏதாவது கோளாறு தெரிந்தால் கூப்பிடுவார். மகன் போனிலும் அதே நம்பர் தெரியும்.

மகன் உடனே கறாராக ஒரு நிபந்தனை போட்டான். பொங்கல் வரைக்கும் பார்ப்பது. நம்பரெல்லாம் நன்றாக இருந்தால் நான் திண்டிவனத்திலேயே இருக்கலாம், கடையும் இருக்கும். நம்பர் கெட்டுப்போனால் மறு பேச்சு கிடையாது, விழுப்புரம்தான். டாக்டர் முன்னால் நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். பூந்தொட்டிக்குத் தப்பித்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

மெஷின் சின்னதுதான், டிபன் டப்பா அளவு. அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் கையில் சுற்றுகிற பட்டை. பட்டனை அழுத்தினால் பட்டை உப்பிக் கையைப் பிடிக்கும், அப்புறம் விடும். நம்பர் வரும். போனில் ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், நம் ரகசியம் விழுப்புரம் போய்விடும்.

நர்ஸ் பெண் வீடியோ காலில் வந்து சொல்லிக்கொடுத்தாள். "காலைத் தரையில வையுங்கம்மா. கையை டேபிள் மேல வையுங்க. அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்துட்டு அப்புறமா பட்டன் அழுத்துங்க. அதுவரைக்கும் பேசக் கூடாது."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயும்தாங்கம்மா."

அதுதான் கஷ்டமாக இருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், குறைக்கிறேன். சர்க்கரை இல்லாமல் காபி கொடுங்கள், திட்டிக்கொண்டே குடிக்கிறேன். வாயைக் கட்டு என்றால்? காலையில் வாசலில் கோலம் போடும்போதே நாலு பேரிடம் பேசி முடித்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

ஆனால் அந்த நர்ஸ் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. எத்தனை கத்தினாலும் அவளுக்குக் கோபமே வராது. "நேத்து ராத்திரி என்னம்மா சாப்டீங்க?" என்பாள். "கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு" என்பேன். "உப்பு?" என்பாள். "உப்பில்லாத கருவாட்டை உங்க ஆஸ்பத்திரியிலதான் தேடணும்" என்பேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வாள். வீட்டுக்காரர் போன பிறகு நேற்று என்ன சாப்பிட்டாய் என்று என்னை ஒருவர் தினமும் கேட்டது அப்போதுதான். உண்மையைச் சொல்கிறேன், போன் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு என்னவோ போல் இருக்கும்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரி ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள்.

நான் கையில் பட்டையோடு உட்கார்ந்திருந்தேன். "அது என்னாக்கா, கைல?" என்றாள். சொன்னேன். "எனக்கும் பாருக்கா, கொஞ்ச நாளா தலை சுத்துது" என்றாள். வீட்டுக்கு வந்தவள் வாய் விட்டுக் கேட்கிறாள், மாட்டேன் என்றா சொல்வது? தண்ணீர் கேட்டால் கொடுக்க மாட்டோமா? எப்படியும் ஜாக்கெட்டுக்காக அவள் கையைத் தூக்கி டேப்பைச் சுற்றத்தான் போகிறேன். டேப்பைச் சுற்றிய இடத்திலேயே பட்டையையும் சுற்றினேன்.

அப்படியே அது வேலையோடு வேலையாகிவிட்டது. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்றளவு, ப்ரஷர். அளவு ஜாக்கெட்டைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஓடுகிறவர்கள்கூட இப்போது நேரில் அளவு எடு என்று நின்றார்கள். நன்றாக இருக்கிற ஜாக்கெட்டைக் கொண்டு வந்து, "அக்குள்ல கொஞ்சம் பிடிக்குதுக்கா" என்று கையை நீட்டினார்கள். பிரம்மதேசத்திலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறியே வந்தார்கள். டெய்லர் அக்காவிடம் ஜாக்கெட் கொடுத்தால் ப்ரஷர் இலவசம் என்று அங்கே பேச்சாம். வரும்போது அவித்த மல்லாட்டை வேறு, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். கடையில் கூட்டம் அம்மியது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர்கள் சும்மாவும் இருக்க மாட்டார்கள். ஜாக்கெட்டில் குறை சொல்கிற மாதிரியே நம்பரிலும் குறை சொன்னார்கள். "என்னாக்கா, போன வாரம் நூத்தி இருபதுன்னே, இப்ப நூத்தி நாப்பதுன்றே? கொஞ்சம் குறைச்சுப் போடுக்கா." இன்னொருத்தி, "அந்தக் கை எனக்கு எப்பவுமே கொஞ்சம் தடிமன், இந்தக் கையில பாரு" என்றாள். பூக்காரம்மா தனக்கு எவ்வளவு வந்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்குப் படிப்பில்லை, நூற்றுக்கு நூற்றுப் பத்து வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

இந்த நம்பரெல்லாம் எங்கே போகிறது என்று நான் யோசித்தேனா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன். அந்த மெஷினுக்கு என் கை தெரியும் என்று நினைத்தேன். முதல் நாளே என் பெயர், வயது, எடை எல்லாவற்றையும் கேட்டு ஏற்றினார்களே? என் கை வந்தால் அனுப்பும், அடுத்தவள் கை வந்தால் சும்மா நம்பர் காட்டிவிட்டு விட்டுவிடும் என்றுதான் நினைத்தேன். இதில் என்ன தப்பு? இந்தத் தெருவில் எந்தப் பெண் கையைத் தொட்டாலும் அது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்வேன். வெறும் டேப் வைத்திருக்கிற எனக்கே தெரிகிறது, கரண்டில் ஓடுகிற மெஷினுக்குத் தெரியாதா?

அப்புறம் நர்ஸ் பெண்ணின் போன் அடிக்கடி வர ஆரம்பித்தது.

"அம்மா, பத்து மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"கை வெட்டிக்கினு இருந்தேன்."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஜாக்கெட் கை, கண்ணு."

"ஓ. இல்லீங்கம்மா, பத்து மணிக்கு ரொம்ப அதிகமா இருந்துச்சு, பத்தரைக்குப் பார்த்தா அப்படியே இறங்கிடுச்சு. மயக்கம் வந்துச்சா?"

"இல்லியே."

"நெஞ்சு படபடன்னு வந்துச்சா?"

"இப்ப நீ கேக்கறதுலதான் வருது."

நர்ஸ் வைத்தால் மகன். "எங்கம்மா இருக்க?" "கடையிலதான்." "உக்காரு." "உக்காந்துக்கினுதான்டா இருக்கேன்." "அப்ப படு." டைல்ஸ் வாங்க வந்தவர்கள் முன்னால் நின்றுகொண்டு இவன் போனில் என்னைப் படு படு என்று அதட்டுகிறான். அவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. எனக்கு ஒரு குறையும் இல்லை, பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, ஆனால் எல்லாரும் என்னை நடமாடும் பிணம் மாதிரி விசாரிக்கிறார்கள். பேஜாராகப் போய்விட்டது.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே தீர்ப்பு வந்துவிட்டது. இப்படி ஏறி இறங்குகிற ப்ரஷரை டாக்டர் இதுவரை பார்த்ததே இல்லையாம். நேரில் வந்து படுத்துப் பரிசோதனை செய்ய வேண்டுமாம். மாத்திரையை மாற்றுவதும் அதற்கப்புறம்தானாம். மகன் ஒரே வரியில் சொன்னான். "ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கினு வர்றேன். மூட்டை கட்டி வை."

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே வந்தான். டைல்ஸ் கடையில் சரக்கு ஏற்றுகிற குட்டி யானை வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு வந்து வாசலை அடைத்து நிறுத்தினான். நான் ஒரு மூட்டையும் கட்டவில்லை. தை மாதக் கல்யாணத்துக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட் துணி மலையாகக் கிடக்க, நடுவில் உட்கார்ந்து ஹூக்குக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் நேராக உள்ளே வந்தான். இஸ்திரிப் பெட்டியை எடுத்தான், வண்டியில் வைத்தான். ஸ்டூலை எடுத்தான், வைத்தான். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றி எடுத்துப் போனான். நாலாவது தடவை உள்ளே வந்து தையல் மெஷினைப் பிடித்தான். நான் அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா."

"விட மாட்டேன்டா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கியா? இதப் பாரு." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். "நேத்து ஒரு நாள்ல எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்குன்னு பாரு!"

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வரிசையாக நம்பர், பக்கத்தில் மணி. காலை ஏழு மணிக்கு ஒன்று. சரி, அது நான். அடுத்து ஒன்பதே கால். ஒன்பதே காலுக்கு நான் பார்க்கவில்லையே, அப்போது பூக்காரம்மாவுக்கு அல்லவா பார்த்தேன்? பத்து மணி. அது பிரம்மதேசத்துக்காரி, வந்ததும் வராததுமாக மாமியாரைத் திட்டிக்கொண்டே கையை நீட்டியவள். பத்தரை பக்கத்து வீட்டுக்காரி.

"டேய், இது நான் இல்லடா. இது பூக்காரம்மா."

"எது?"

"இதுடா. இது பிரம்மதேசத்துப் பொண்ணு. இது பக்கத்து வீடு. அதுக்குக் கீழ இருக்கறது தபால்காரரு. அவரு ஜாக்கெட் தைக்க வரல, சும்மா கேட்டாரு."

அவன் தையல் மெஷினை விட்டுவிட்டான். "ஏம்மா, ஊரு கையெல்லாம் உன் பேர்ல அனுப்பிக்கினு இருக்கியா?"

"அதுக்கு என் கை தெரியாதாடா?"

"அதுக்கு எப்படிம்மா தெரியும்!"

"எனக்குத் தெரியுதே!"

தலையில் கை வைத்துக்கொண்டு துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வீடியோ கால் போட்டான். நல்ல வேளை, அன்றைக்கு அந்த நர்ஸ் பெண்ணுக்கு ஞாயிறு டியூட்டி. விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. அப்புறம் நிதானமாகத்தான் சொன்னாள். "அம்மா, டாக்டர் மட்டும் நேர்ல பாக்காமலே இந்த நம்பரை வெச்சு டோஸை ஏத்தியிருந்தா, வேற யாருக்கோ இருக்கற ப்ரஷருக்கு நீங்க மாத்திரை போட்டிருப்பீங்க. மறுபடி மயங்கி விழுந்திருப்பீங்க." அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ அம்மாவோட நெஜ நம்பர் என்னா?" என்றான் மகன்.

"காலையில வர்றது எல்லாம் பரவாயில்லைங்க. ஆனா அதுவும் அவங்களுதுதானான்னு இப்ப எனக்கு சந்தேகமா இருக்கு. என் முன்னாடியே ஒரு தடவை பார்த்துடலாம். அம்மா, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க."

மகன் என்னைப் பார்த்தான். நான் வாசலில் நிற்கும் குட்டி யானையைப் பார்த்தேன். அதில் என் இஸ்திரிப் பெட்டி ஏறிவிட்டது. இந்த ஒரு நம்பர் கெட்டுப்போனால் தையல் மெஷினும் ஏறிவிடும். "அதிகமா வந்தா கிளம்பறோம்மா" என்றான். நான் பட்டையைச் சுற்றிக்கொண்டு, காலைத் தரையில் வைத்து, கையை மேஜையில் வைத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அப்போதுதானா வர வேண்டும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி?

"என்னாக்கா, வாசல்ல வண்டி நிக்குது? காலி பண்றியா?"

நான் பேசவில்லை.

"என் பொண்ணு ஜாக்கெட் என்னாச்சுக்கா?"

நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

"அக்கா! ஏன்க்கா இப்படிப் பாக்கற?" கிட்டே வந்து என் முகத்தைக் குனிந்து பார்த்தாள். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை அவள் இத்தனை வருடத்தில் பார்த்ததே இல்லை. "ஐயையோ, அக்காவுக்கு வாய் இழுத்துக்கிச்சே! யாராவது ஜல்தியா வாங்களேன்!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"ஒண்ணும் இல்லீங்கக்கா, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றான் மகன்.

"எவன் சொன்னான்? பேசற மனுஷிய பேசாதேன்னு எவன் சொன்னான்?"

"நான்தாங்க" என்றது போன்.

அவள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். அதற்குள் தெருவே வந்துவிட்டது. பூக்காரம்மா கூடையோடு நிற்கிறாள். ஒருத்தி என் நெற்றியில் விபூதி பூசுகிறாள். "காலைலகூட நல்லாத்தான் திட்டுச்சு" என்று ஒருத்தி மூக்கைச் சிந்துகிறாள். நான் நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொன்னால் ப்ரஷர் ஏறும், ஏறினால் விழுப்புரம். என் வாழ்க்கையில் அந்த ஐந்து நிமிடம் மாதிரி ஒரு நேரத்தை நான் அனுபவித்ததில்லை. பிரசவ வலியில்கூடக் கத்தலாம்.

மகன் பட்டனை அழுத்தினான். பட்டை உப்பியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நம்பர் வந்தது. நூற்று முப்பத்தெட்டு.

"உங்க வயசுக்கும் சர்க்கரைக்கும் இது பரவாயில்லைங்கம்மா. மாத்திரை அப்படியே தொடரட்டும்" என்றாள் நர்ஸ் பெண். "சார், அம்மா அங்கயே இருக்கலாம். மத்தவங்களுக்குப் பார்க்கறதா இருந்தா, ஆப்ல 'விருந்தாளி'ன்னு ஒண்ணு இருக்கு, அதை அழுத்திட்டுப் பாக்கச் சொல்லுங்க. அதிகமா வர்றவங்களை சும்மா விடாம ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கம்மா."

அப்புறம் என்ன? ஐந்து நிமிடமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் பக்கத்து வீட்டுக்காரி மேல் கொட்டினேன். அவளோ, "அப்பாடா, அக்காவுக்கு வாய் வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டாள். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

மகன் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டை முழுவதும் வியர்வை. நெற்றிப் பொட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தான். இஸ்திரிப் பெட்டியையும் ஸ்டூலையும் தூக்கியதற்கா இவ்வளவு வியர்வை? "கையக் குடு" என்றேன். கடைக்குள் யார் நின்றாலும் இப்போதெல்லாம் எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

"எனக்கு எதுக்கும்மா?"

"குடுடா."

உட்கார வைத்துப் பட்டையைச் சுற்றினேன். அந்தக் கையைப் பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று! பட்டனை அழுத்தினேன். நம்பர் வந்தது. தபால்காரருக்கும் வந்ததில்லை, பிரம்மதேசத்துக்காரிக்கும் வந்ததில்லை, அப்படி ஒரு நம்பர்.

வீடியோ காலை நாங்கள் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. "அம்மா, இப்ப ஒண்ணு வந்துச்சே, அது யாருது?" என்றாள் நர்ஸ் பெண்.

"என் பையன்து."

ஐந்து நிமிடம் அவனை அமைதியாக உட்கார வைத்து மறுபடி பார்க்கச் சொன்னாள். இந்த முறை நானும் பேசவில்லை. மறுபடியும் அதே மாதிரிதான் வந்தது.

"சார், தலைவலி இருக்கா?"

"டெய்லி இருக்கும். கடையில கல்லு அறுக்கற சத்தம், அதனாலன்னு நெனைச்சேன்."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது ப்ரஷர் பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். நாளெல்லாம் என் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், தன் கையில் ஒரு தடவைகூடப் பட்டையைச் சுற்றியதில்லை. இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை அவனுக்கு. எனக்கு அழுகை முட்டியது, கோபமும் வந்தது, இரண்டில் கோபம் முந்திக்கொண்டது.

"டேய், டைல்ஸ் கடைய மூடு. திண்டிவனம் வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் ரெடி பண்றேன்."

நர்ஸ் பெண் இப்போது நிஜமாகவே சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் அன்றைக்கு அவனை வண்டி ஓட்ட நான் விடவில்லை. தெருவில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து ஓட்டச் சொல்லி, அவனையும் என்னையும் ஏற்றிக்கொண்டு நேராக விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடைசியில் குட்டி யானையில் விழுப்புரம் போனவள் நான்தான், ஆனால் பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்து. டாக்டர் அவனுக்கு மாத்திரை எழுதினார். இது போகிற வியாதி இல்லை, கூடவே இருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அவனுக்கும் ஒரு மெஷின் கொடுத்தார்கள். என் நம்பர் அவன் போனுக்கும் அவன் நம்பர் என் போனுக்கும் வருகிற மாதிரி அந்த நர்ஸ் பெண்ணே செய்து கொடுத்தாள். மாலையில் நான் இஸ்திரிப் பெட்டியோடு திண்டிவனம் வந்து சேர்ந்தேன்.

பொங்கல் வந்தது, போனது. நான் இங்கேதான் இருக்கிறேன். கடையும் இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கு அவன் நம்பர் வரும். பார்ப்பேன், நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன், கொஞ்சம் ஏறினால் ராத்திரி என்ன தின்றாய் என்று கேட்பேன். ஊறுகாய் என்பான். திட்டுவேன். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஏழு மணிக்கு நம்பர் வரவில்லை. தூங்கியிருப்பான் என்று நினைத்தேன். ஏழரைக்கும் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், சுவிட்ச் ஆஃப் என்றது. மருமகள் பிள்ளைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் தனியாகத்தான் இருக்கிறான். குளியலறையில் விழுந்து கிடக்கிறானா, கட்டிலிலேயே கிடக்கிறானா, கதவு உள்ளே தாழ் போட்டிருக்குமே, யார் திறப்பார்கள் என்று என்னென்னவோ கண் முன்னால் வருகிறது. கடையைப் பூட்டினேனா என்றுகூடத் தெரியாது. கழுத்தில் தொங்குகிற டேப்போடு ஓடிப்போய் விழுப்புரம் பஸ் ஏறிவிட்டேன்.

கூட்டேரிப்பட்டில் மயிலம் போகிறவர்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவன்தான்.

"என்னம்மா, இத்தனை மிஸ்டு கால்? நைட்டு சார்ஜ் போட மறந்துட்டேன். இப்பதான் எழுந்தேன்."

பஸ் என்றும் பார்க்காமல் கத்தினேன். "ஒரு நம்பரு அனுப்ப மாட்டியாடா! பெத்தவ இங்க செத்துக்கினு இருக்கேன், உனக்குத் தூக்கமா கேக்குது! ஒரு நம்பருடா, ஒரே ஒரு நம்பரு!" கத்திக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் முன்பக்கம் போய்விட்டார்.

நான் அழுது முடித்ததும் அவன் மெதுவாகச் சொன்னான். "எனக்கு டெய்லியும் இப்படித்தாம்மா இருந்துச்சு. உன் நம்பர் தாறுமாறா வந்தப்பகூட, வருதே, அம்மா இருக்குதேன்னு நெனைச்சுக்குவேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டைத் தாண்டி நின்று, திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் மேஜை மேல் பட்டை அப்படியே கிடக்கிறது. அவன் நம்பருக்காகக் காத்திருந்ததில் அன்றைக்கு என் நம்பரையே நான் அனுப்பவில்லை.

இப்போதெல்லாம் எழுந்ததும் முதல் வேலை அதுதான். வாசல் தெளிப்பது அப்புறம், காபி அப்புறம், பேச்சும் அப்புறம். அங்கே அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.